ஒழுகும் பவர் பம்புக்கு உகந்த வைத்தியம்

இந்தக் கையேடு எல்லாருக்குமானதல்ல. புது வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அவர்களுடைய ஸ்டியரிங்குக்கு உதவி செய்ய ஒரு மின்மோட்டார் இருக்கிறது. அதில் எண்ணெய் கிடையாது, ஆகவே ஒழுகவும் வழியில்லை. கெட்டால் முன்னால் ஒரு விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். கட்டிவிட்டு வரவேண்டியதுதான். நாலு பேரிடம் சொல்லிப் புலம்ப அதில் என்ன இருக்கிறது?

இது எஸ்டீம், ஐகான், ஆக்சென்ட் மாதிரி வண்டிகளை, "நல்ல வெல வந்தா குடுத்துறலாம்" என்று வருசக்கணக்கில் சொல்லிக்கொண்டே விற்காமல் வைத்திருக்கும் மதுரைக் குடும்பத் தலைவர்களுக்கானது. அதிலும் ஐகான்காரர்கள் முன்வரிசையில் உட்காரலாம். 1999-இல் மறைமலை நகரிலிருந்து வெளிவந்த வண்டி அது. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்து, அடுத்த ஆண்டு அந்த ஆலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. உங்கள் பம்பு இன்னும் முடித்துக்கொள்ளவில்லை. ஒழுகிக்கொண்டிருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது, ஒழுகவில்லை என்று உறுதியாக நம்புவது. வண்டியை எடுத்த பிறகு வாசலில் ஈரம் தெரிந்தால் குனிந்து பார்க்கக் கூடாது. நின்றபடியே, சாவியைச் சுற்றிக்கொண்டு, "ஏசி தண்ணி" என்று சொல்ல வேண்டும். மதுரையில் சித்திரை, வைகாசியில் காருக்கடியில் சொட்டும் எதுவும் ஏசி தண்ணிதான். வீட்டம்மா, "ஏசித் தண்ணி ஏங்க செவப்பா இருக்கு?" என்று கேட்டால் துருவைக் காரணம் காட்டலாம். இந்த நம்பிக்கையில் சில மாதங்கள் ஓட்டலாம். திறமையுள்ளவர்கள் வருசமே ஓட்டியிருக்கிறார்கள்.

நம்பிக்கை தளர்ந்தவர்கள் ராத்திரி ஒரு அட்டையை முன்சக்கரங்களுக்கு நடுவே போட்டு வைத்துக் காலையில் பார்க்கலாம். நிறமே இல்லாமல், தொட்டால் வழுக்காமல் இருந்தால் அது நிஜமாகவே ஏசி தண்ணி. அன்றைக்கு ஒரு தேங்காய் உடையுங்கள். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ பிசுபிசுத்தால் கூலன்ட். கறுப்பென்றால் என்ஜின் ஆயில். தெளிந்த சிவப்பென்றால் ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்று பிறந்து பல வண்டிகளின் பவர் ஸ்டியரிங்கிலும் குடியேறிய எண்ணெய். நெடுநாள் மாற்றாத ஏ.டி.எஃப். சிவப்பை இழந்து பழுப்பாகி, கருகிய வாடையோடு இருக்கும். எந்த எண்ணெய் உங்கள் வண்டிக்கு என்பது ரிசர்வாயர் மூடியிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ எழுதியிருக்கும். அந்தக் கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள், இன்சூரன்ஸ் காகிதங்களுக்கும் பழனி விபூதிப் பொட்டலத்துக்கும் அடியில் கிடக்கிறது. யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை.

அடுத்தது ஊற்றிக்கொண்டே ஓட்டும் காலம். குறையக் குறைய ஊற்ற வேண்டும். எதை ஊற்றுவது என்பதில்தான் ஊர் இரண்டுபடும். "ஆயில்னா ஆயில்தான்ணே, வழுவழுன்னு இருந்தா போதும்" என்கிற பெரியோர் நம்மிடையே உண்டு. இவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் பிரேக் ஆயிலாக இருக்கும். பேரில்தான் ஆயில். சாதாரணக் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை, பெட்ரோலியத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பவர் பம்புக்குள் இருக்கும் நைட்ரைல் ரப்பர், மினரல் எண்ணெயோடு வாழப் பழகியது. பிரேக் ஆயிலைக் கண்டதும் உப்பும், மெத்தென்று ஆகும், பிறகு பிய்ந்து போகும். பிரேக்கில் இருக்கும் ரப்பர் வேறு இனம். அதில் மினரல் எண்ணெயை ஊற்றினால் இதே கதி, கூடவே பிரேக்கும் போகும். பவர் பம்பில் மட்டும் நடந்தால் செலவோடு முடியும். பிரேக்கில் நடந்தால் அது அழகர்கோயில் மலையடிவாரத்தில்தான் தெரியவரும்.

இன்னொரு பிரிவினர் 'ஸ்டாப் லீக்' என்று டப்பாவில் விற்கும் தைலத்தை ஊற்றச் சொல்வார்கள். காய்ந்துபோன ரப்பரை அது கொஞ்சம் ஊறவைத்து மெத்தென்று ஆக்கும். சொட்டு நிற்கும். நீங்கள் அந்தத் தைலம் சொன்னவருக்கு டீ வாங்கிக் கொடுப்பீர்கள். ரப்பர் தேய்ந்திருந்தாலோ வெட்டுப்பட்டிருந்தாலோ அது பயன்படாது. நமக்கு வந்திருக்கும் வியாதி பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதற்குள் வண்டி முனக ஆரம்பித்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு ஊளை, வளைவில் திரும்பும்போது ஒரு உறுமல். எண்ணெய் மட்டம் இறங்கி, பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும் சத்தம் அது. ரிசர்வாயர் மூடியைத் திறந்தால் நுரை நிற்கும். இந்தக் கட்டத்தில் வண்டியை டீக்கடையோரம் நிறுத்தினால் போதும், வைத்தியர்கள் தாமாக வருவார்கள். "பேரிங் போச்சுண்ணே" என்பார் ஒருவர். "பேரிங் இல்ல மாப்ள, ராக்கு. அசெம்பிளியா மாத்திரணும்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் போனட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டயரை ஒரு உதை உதைத்து, "எதுக்குண்ணே இந்தத் தொந்தரவு, குடுத்துருங்க. பார்ட்டி இருக்கு" என்பார். அவர் புரோக்கர். மூவரில் நோயைச் சரியாகக் கண்டவர் அவர்தான் என்று உங்கள் வீட்டில் சொல்லக்கூடும்.

பம்பைக் கழற்றுமுன் அது எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. நமக்கு இது புதிய சங்கதியும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி சுந்தரேசுவரர் தேர்கள் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருகின்றன. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கத்தான் முடியும், திருப்ப முடியாது. கீழமாசி வீதி முடிந்து தெற்கு மாசி வீதிக்குள் அதைத் திருப்புகிறவர்கள், சக்கரத்தின் அடியில் கட்டை போடும் சிலர்தான். எந்தச் சக்கரத்துக்கு, எவ்வளவு சாய்வாக, எந்த நொடியில் என்பதில் இருக்கிறது வித்தை. பெரும்பலம் ஓரிடத்திலிருந்து வர, சின்ன விசை அதற்குத் திசை காட்டுகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கும் இந்த வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடும் தொடுகை ஒரு வால்வைத் திறக்கிறது, அவ்வளவே. சக்கரத்தைத் தள்ளுவது பம்பு அனுப்பும் எண்ணெய்.

அமெரிக்காவில் பியர்ஸ்-ஏரோ கம்பெனியில் இன்ஜினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926-லேயே இதை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆசையோடு வாங்க வந்து, செலவைப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. யுத்தம் வந்தபோது கவச வண்டிகளுக்குப் போனது. கடைசியில் 1951-இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் வைத்து விற்றது. நம்மூரில் அது சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கு வர 1990-கள் ஆயிற்று. அதற்கு முன் டவுன் ஹால் ரோட்டில் அம்பாசிடரைப் பார்க்கிங் செய்தவர்களுக்கு ஜிம் தேவைப்பட்டதில்லை.

பம்புக்குள் இருப்பது ரொம்பச் சின்னக் கூட்டம். என்ஜினிலிருந்து பெல்ட் வந்து புல்லியைச் சுற்றுகிறது. புல்லியோடு ஒரு ஷாஃப்ட், ஷாஃப்ட்டில் ஒரு ரோட்டர். ரோட்டரில் வெட்டிய பள்ளங்களில் பத்துப் பன்னிரண்டு மெல்லிய தகடுகள் உள்ளும் வெளியும் போய்வருகின்றன. ரோட்டர் சுற்றும்போது தகடுகள் வெளியே வீசப்பட்டு, சுற்றிலும் இருக்கும் முட்டை வடிவ வளையத்தை உரசிக்கொண்டே ஓடுகின்றன. வளையம் முட்டை வடிவில் இருப்பதால் இரண்டு தகடுகளுக்கு இடைப்பட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரிகிறது, இரண்டு முறை சுருங்குகிறது. விரியும்போது எண்ணெயை உறிஞ்சுகிறது, சுருங்கும்போது தள்ளுகிறது. தேவைக்கு மேல் வந்த எண்ணெயை ஒரு வால்வு திருப்பி அனுப்பும். அழுத்தம் எல்லை மீறினால் இன்னொன்று திறக்கும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் கார் பம்பில் 80 பார், சிலதில் அதற்கும் மேலே அழுத்தம் ஏறும். உங்கள் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஆகவே என்ஜின் ஓடும்போது ஹோஸில் ஊசித்துளை தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வீரத்தை விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு போகவேண்டிய இடம் பட்டறை அல்ல, பெரியாஸ்பத்திரி.

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமலே கழற்றுவதுதான் மரபு. மரபை மீற விரும்புகிறவர்கள் என்ஜினை வாட்டர் வாஷ் செய்து, காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடர் தூவி, கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். பவுடர் நனைந்த இடம் ஒழுகும் இடம். ரிசர்வாயர் ஹோஸின் கிளிப் தளர்ந்திருப்பது மட்டுமே காரணமாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். அப்படி முடிந்துவிட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள், கௌரவமாக இராது. உறிஞ்சும் பக்கத்து ஓ-ரிங் போயிருந்தால் வெளியே சொட்டாமல்கூட உள்ளே காற்று இழுக்கும். ஸ்டியரிங் ராக்கின் ஓரத்து ரப்பர் உறை எண்ணெய் நிறைந்து தொளதொளத்தால் ராக்கின் சீல் போயிற்று, அது பெரிய வேலை, பெரிய பில். போனட்டின் அடிப்பக்கத்தில், புல்லிக்கு நேராக, எண்ணெய் ஒரு கோடாகத் தெறித்திருந்தால் பம்பின் ஷாஃப்ட் சீல். நாம் வந்தது அதற்காகத்தான்.

இனி இந்தக் கையேட்டின் சாரம். மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஷாஃப்ட் சீல் லேசாகக் கசிகிறது. கசிந்த எண்ணெய் புல்லிக்குப் பின்னால் இறங்கி, சுழற்சியில் சிதறி, பெல்ட்டில் படுகிறது. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்குகிறது. கோரிப்பாளையத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது. சிக்னலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நீங்கள் மானஸ்தர், பட்டறைக்குப் போகிறீர்கள். மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதும், "பெல்ட் லூசுண்ணே" என்கிறார். கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து இழுத்துக் கட்டுகிறார். சத்தம் நிற்கிறது. நீங்கள் மகிழ்கிறீர்கள். இறுகிய பெல்ட்டோ ஷாஃப்ட்டை விடாமல் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் அந்தப் பக்கமாகத் தேய்கிறது. தேய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட் ஆடுகிறது. ஆடும் ஷாஃப்ட்டை எந்தச் சீலின் உதடும் முழுவட்டமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. கசிவு கூடுகிறது. பெல்ட் இன்னும் நனைகிறது. மறுபடி கீச். மறுபடி நெம்புகோல்.

இந்தச் சக்கரத்துக்குள் இருந்துகொண்டு, "சீலை மாத்துங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். மாற்றுங்கள். புதுச் சீல் ஒழுகும். பழையதைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பாகவே ஒழுகும். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும் வேலை சில விநாடிதான். அதில் ஆட்டம் தெரிந்தால் புஷ்ஷையோ பேரிங்கையோ தொடாமல் சீலைத் தொடுவதில் பயனில்லை. இதைச் செய்துபார்க்கிற மெக்கானிக் கிடைத்தால் அவருடைய பட்டறை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அங்கேயே போங்கள்.

சீல் தேடுவது தனிப் படலம். மதுரைக்காரருக்கு இதில் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே உண்டு. ஊரின் மேற்கே மேலக்கால் ரோட்டில், கோச்சடையில் இருக்கிறது ஃபென்னர். பெல்ட்டும் ஆயில் சீலும் செய்து நாடு முழுக்க அனுப்பும் கம்பெனி. கிழக்கே மேலூர் போகிற வழியில் வெள்ளரிப்பட்டியில் டயர் செய்கிறார்கள். அதற்கெல்லாம் மூத்தது டி.வி.சுந்தரம் ஐயங்கார் கம்பெனி. தன் தொடக்கமாக அது சொல்லிக்கொள்ளும் ஆண்டு 1911. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்ட 'கேஸ் பிளான்ட்' செய்து பின்னால் மாட்டிவிட்டார்கள். வண்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கொள்கை. வடக்கே திருச்சி ரோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் விராலிமலை. முருகனுக்குச் சுருட்டு படைக்கும் ஊர், மயில்கள் உலவும் ஊர். அங்கே ரானே குழுமத்தின் ஆலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பவர் ஸ்டியரிங் தயாராகிறது.

பெல்ட், சீல், டயர், ஸ்டியரிங் என்று சுற்றிலும் எல்லாம் செய்கிற இந்த வட்டாரத்தின் நட்டநடுவில், வெளி வீதியில் ஒரு கவுண்டர் முன்னால் நின்று நீங்கள் கேட்கிறீர்கள்.

"அண்ணே, ஐகான் பவர் பம்புக்கு ஷாஃப்ட் சீல் வேணும்."

"பெட்ரோலா டீசலா?"

"பெட்ரோல்."

"எந்த வருசம்?"

சொல்கிறீர்கள்.

"ஏசி வண்டியா?"

"ஆமாண்ணே."

எழுந்துகூடப் பார்க்காமல், "இல்லண்ணே. பம்பு அசெம்பிளியா வேணும்னா மெட்ராஸுக்குச் சொல்லிவிடலாம்" என்கிறார். இல்லாத பொருளுக்கு அவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்காதீர்கள். அது கடைக்காரரின் தொழில் மரியாதை.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. வண்டியின் பெயரையே சொல்லக் கூடாது. பழைய சீலை எடுத்துத் துடைத்தால் முகப்பில் மூன்று எண்கள் தெரியும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். சீல் மட்டும் விற்கிற கடைக்குப் போய் அந்த மூன்று எண்ணையும் சொன்னால் "எதுக்குண்ணே?" என்றுகூடக் கேட்காமல் எடுத்துப் போடுவார்கள். சீலுக்கு ஐகானும் தெரியாது, அறுவடை இயந்திரமும் தெரியாது. ஷாஃப்ட் சீல் நிற்பது பெரும்பாலும் உறிஞ்சும் பக்கம். 80 பார் எல்லாம் அதன் மேல் விழாது. ஆகவே சாதாரண ஆயில் சீல் தாங்கும். ராக்கின் சீலுக்கு இந்தச் சலுகை கிடையாது. ரப்பர் எது என்று மட்டும் கேளுங்கள். நைட்ரைல் ஏறத்தாழ 100 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும், விட்டான் 200 டிகிரியை ஒட்டியும் தாங்கும். கத்திரி வெயிலில் ஏசி போட்டு, காளவாசல் சிக்னலில் நிற்கிற என்ஜினின் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். விலை வித்தியாசம் ஒரு வேளை பரோட்டா செலவைத் தாண்டாது.

பம்பைக் கழற்றுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறிய என்ஜினில் வேலை செய்யுங்கள், ரிசர்வாயர் எண்ணெயை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், குழாயைக் கழற்றியதும் வாயைக் கட்டி வையுங்கள். சிந்தும். பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ வைகையிலோ ஊற்றாதீர்கள். பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடலாம். புல்லியில்தான் ஆபத்து. சில வண்டிகளில் அது போல்ட்டில் நிற்கும், சிலவற்றில் ஷாஃப்ட்டோடு அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அழுத்தி ஏற்றியதை அதற்கான புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். "ரெண்டு தட்டுத் தட்டுனா வந்துரும்ணே" என்று சுத்தியலோடு வருகிற தம்பியை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். தட்டினால் புல்லி வரும்தான். கூடவே ஷாஃப்ட் உள்ளே போய்த் தட்டில் இடிக்கும், புல்லியின் விளிம்பு கோணும், பெல்ட் ஆயுசுக்கும் ஆடிக்கொண்டே ஓடும்.

பின்மூடியைத் திறந்ததும் எல்லாவற்றையும் வெளியே கொட்டாதீர்கள். செல்போனை ஒருமுறையாவது நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தி, எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுங்கள். தகடுகளின் ஒரு விளிம்பு உருண்டிருக்கும். உருண்ட விளிம்பு வெளியே, வளையத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் பம்பு மூடும், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஸ்டியரிங் மட்டும் லேசாகாது. முட்டை வடிவ வளையத்தின் உட்புறத்தை விரல்நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்கு அலை அலையாகத் தேய்ந்திருந்தால் இந்த வைத்தியம் உங்களுக்கு இல்லை. மெட்ராஸுக்குச் சொல்லிவிடலாம் என்றாரே, அவரிடம் திரும்பிப் போங்கள். வழவழப்பாக இருந்தால் மேலே படிக்கலாம்.

சுத்தம் செய்வதற்குப் பட்டறையில் ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட் நீட்டுவார்கள். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற அது தமிழ்நாட்டு மெக்கானிக்கின் மூன்றாவது கை. வெளிப்பக்கத்தை அதில் துடையுங்கள். உள்ளே கொண்டுபோகாதீர்கள். அதன் நூல் ஒன்று உதிர்ந்து, மிகை எண்ணெயைத் திருப்பி அனுப்பும் வால்வில் மாட்டினால், வால்வு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். நூல் பிரியாத பழைய வேட்டித் துணிதான் சரி. துடைத்தபின் அந்த வால்வைத் துளைக்குள் விட்டுச் சாய்த்தால் தன் கனத்திலேயே வழுக்கிப் போகவேண்டும்.

இனி லேத் பட்டறை. ஷாஃப்ட்டில் பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் ஒரு வளையம் பதிந்திருக்கும். லேசான தடமென்றால் மெருகேற்றலாம். பள்ளமென்றால், சீலை முழு ஆழத்துக்கு அடிக்காமல், அல்லது அடியில் மெல்லிய வாஷர் கொடுத்து, உதடு புது இடத்தில் உட்காரும்படி செய்வார்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். புஷ் தேய்ந்திருந்தால் கன்மெட்டலில் கடைந்து போட வேண்டும். இதற்குக் கார் படித்த ஆளைத் தேடாதீர்கள். கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கமோ கப்பலூர்ப் பக்கமோ, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிச் சம்சாரிகளின் மோட்டாருக்கு புஷ் கடைகிற ஆளைப் பாருங்கள். பயிர் வாடும்போது நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை வந்து நிற்கிறவர்களுக்கு நூலளவு ஆட்டமில்லாமல் புஷ் போட்டுக் கொடுத்தவர் அவர். உங்கள் பம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். "இது எத்தன எச்.பி.ண்ணே?" என்பார். "ஸ்டியரிங் பம்புண்ணே" என்றால் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தெரியும். ஆனாலும் செய்து தருவார். கூலியில் பேரம் பேச வேண்டாம். ஷோரூமில் புதுப் பம்பின் விலையைக் கேட்டபோது நீங்கள் வாயைத் திறக்கவில்லையே.

சீல் ஏற்றும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து உள்ளே போகவேண்டும். கம்பெனி எழுத்து அழகாகத் தெரிய வேண்டுமென்று திருப்பிப் போட்டவர்கள் கிடையாது, எழுத்து இயல்பாகவே வெளியேதான் வரும். ஷாஃப்ட்டின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுற்றி, உதட்டில் எண்ணெய் தடவி நுழைத்தால் வெட்டுப்படாது. சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்துகிற சாக்கெட்டை வைத்து, சுற்றிலும் சமமாக, பைய அடித்து இறக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எடுத்துவிட்டு வேறு சீல்தான். ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போடுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்ணே" என்று சிலிக்கான் பேஸ்ட் பிதுக்க ஒருவர் வருவார். ஓ-ரிங் இருக்கும் இடத்தில் பேஸ்ட்டுக்கு வேலையில்லை. உள்ளே பிதுங்கிய துணுக்கு, நூல் செய்த அதே வேலையை வால்வில் செய்யும்.

பெல்ட் எண்ணெயில் ஊறியிருந்தால் அதைத் துடைத்துப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். கோச்சடைப் பெருமைக்காகவாவது. இழுப்பு வண்டிக் கையேட்டில் சொன்னபடி. கையேடு கிடைக்காவிட்டால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்க வேண்டும். வீணைத் தந்திபோல் ஒலிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், போன தடவை புஷ்ஷைக் கொன்றவர் அவர்தான்.

எண்ணெய் ஊற்றியதும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, என்ஜினை நிறுத்திவைத்தே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திரும்பத் திரும்ப ஒடியுங்கள். காற்று குமிழ் குமிழாக ரிசர்வாயருக்கு வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழ் அடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்து அதையே மறுபடி. நுரைத்தால் என்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போங்கள். நுரைக்கும் பம்பை ஓட்டிக்கொண்டே இருப்பது இவ்வளவு நேரம் செய்த வேலையைக் கரைப்பதுதான்.

ஓட்டிப் பார்க்க நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் ஏறாதீர்கள். 2023-இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டரில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். நேரே போகும்போது பம்புக்கு அநேகமாக வேலையே இல்லை. மாசி வீதிகளைச் சுற்றுங்கள். நான்கு மூலையிலும் திரும்புங்கள், முடிந்தால் சாயங்காலம், கடைவீதிக் கூட்டத்தில், மாட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில். கடைசிவரை ஒடித்த ஸ்டியரிங்கைச் சில விநாடிகளுக்கு மேல் அப்படியே பிடித்திருக்காதீர்கள். எண்ணெய் கொதித்து, புதுச் சீல் மறுபடி பழையதாகும். இம்மியளவு தளர்த்திக்கொண்டால் உறுமல் அடங்கும். ஸ்டியரிங் லேசாகி, சத்தம் இல்லாமல், ராத்திரி முழுக்க நின்றும் கீழே சொட்டில்லை என்றால் வேலை முடிந்தது.

மிச்சமிருக்கும் ஏ.டி.எஃப். டப்பாவில் பெரிய எழுத்தில் பேர் எழுதி அலமாரியில் வையுங்கள். பிரேக் ஆயில் டப்பாவை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். லீவுக்கு வரும் மச்சினன், "மாமா, மட்டம் கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு, நானே ஊத்திட்டேன்" என்று சொல்லக்கூடும்.